பதினோரு மில்லிமீட்டர்

அக்கா போன் செய்தபோது மில்லியின் கையில் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கீழ்ப்பல்செட் இருந்தது. கடைவாய்ப் பக்கம் சற்று உயரமாக இருக்கிறது, வாயை மூடினால் இடிக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கவிட்டு, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

"எனக்கு ஒரு சைக்கிள் பாத்துக் குடுடா," என்றாள் அக்கா.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றதுக்கா?"

"அதுக்கு எதுக்கு உன்னக் கேக்கறேன்? மலையில ஓட்டறது. உங்க மாமா ஓட்டினாரே, அந்த மாதிரி."

தேய்க்கும் மெஷினை நிறுத்தினான்.

"அக்கா, உனக்கு சாதா சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது."

"வரும். ரெண்டு மாசமா பக்கத்து வீட்டம்மாவோடத வாங்கி ஓட்டிட்டிருக்கேன். சனிக்கிழமை காலையில கடைக்குப் போறோம். நீதான் பாத்துக் குடுக்கற."

வைத்துவிட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க' என்று இருபது வருஷமாக ஊரையே அதட்டிப் பழகியவள். வீட்டில் பேசுவதும் அந்தக் கணக்கில்தான். எதிரில் இருப்பவர் அசையக் கூடாது.

மாமா, அதாவது அக்காவின் கணவர், போய்ப் பத்து மாதம் ஆகிறது. அந்தப் பத்து மாதமாக மில்லிக்கு எதுவுமே உறைக்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், பட்டறைக்கு வந்து பல் செய்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகும் இல்லையா, உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, அப்படி இருந்தான். சாவு வீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என்ன திடமான மனசு" என்று ஆளாளுக்குத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். வாயைத் திறக்காமல் நிற்பவனைப் பார்த்தால் ஊருக்கு அது திடமாகத்தான் தெரியும். அதற்கு மேல் யார் கிண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மில்லி என்பது மில்லிமீட்டரின் சுருக்கம். ஊர் எல்லையில் இருக்கிற குன்றில் ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் கூட்டம் வைத்த பெயர். ஆறு பேர் கொண்ட கூட்டம். அதில் யார் புது சைக்கிள் வாங்கினாலும் மில்லியிடம்தான் வருவார்கள். ஃப்ரேம் எத்தனை நீளம், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, டயரில் காற்று எவ்வளவு இருந்தால் கல்லில் வழுக்காது என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பான். பையில் எப்போதும் ஒரு அளவு டேப் இருக்கும். வீடு கட்டுகிறவன்கூட அவ்வளவு யோசிக்க மாட்டான். குன்றுப் பாதையில் படிப்படியாகப் பாறை இறங்கும் இடத்துக்குக் கூட்டம் 'பல் டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தது. விழுந்தால் நேரே அங்கேதான் போக வேண்டும் என்று அர்த்தம். அங்கே விழுந்த இரண்டு பேருக்கு மில்லியே பல் செய்து கொடுத்திருக்கிறான்.

மாமா அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். பழைய சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் பின்னால் வருவார். ஐம்பதாவது வயதில் அவருக்கும் புது சைக்கிள் ஆசை வந்தது. மைத்துனன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்? மில்லியும் சளைக்காமல் பட்டியல் போட்டான். நான்கு மாதம் போட்டான். பதினேழு சைக்கிள்களை அலசி, அதில் ஐந்தைப் பொறுக்கி, அந்த ஐந்தையும் ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைசியில் மாமாவுக்கே பொறுமை போய்விட்டது.

"மாப்ள, உன் பட்டியல் முடியறதுக்குள்ள எனக்கு முட்டி தேஞ்சுரும். உன் சைக்கிள ஒரே ஒரு தடவ குடு, இறங்கிப் பாக்கறேன். புடிச்சா இதையே வாங்கிடறேன்," என்றார் அன்று, குன்றின் உச்சியில்.

நியாயமான பேச்சு. ஆனால் மில்லி சும்மா கொடுப்பவனா? மாமாவின் கால் தன் காலைவிடக் குட்டை என்று சீட்டைப் பதினோரு மில்லிமீட்டர் இறக்கினான். அவர் எடைக்குத் தகுந்தபடி பம்பு வைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனில் காற்றேற்றினான். டயரை அமுக்கிப் பார்த்தான். பிரேக் லிவரை அவர் விரல் எட்டும் தூரத்துக்குத் திருப்பி வைத்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அத்தனையும் பார்த்தவன், ஒன்றைச் சொல்ல மறந்தான்.

கடையில் வாங்கும் சைக்கிள்களில் வலது கையில் இருப்பது பின் பிரேக். இடது கையில் இருப்பது முன் பிரேக். கூட்டத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். மில்லி மட்டும் மோட்டார் சைக்கிளில் பழகியவன். அதில் வலது கைதான் முன் பிரேக் என்பதால், தன் சைக்கிளிலும் அதேபோல் மாற்றிப் போடச் சொல்லியிருந்தான். வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை யாருக்கும் ஓட்டக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் சொல்லிப் பழகியிருப்பான்.

மாமாவின் பழைய சைக்கிளில் மில்லி முன்னால் இறங்கி, முதல் வளைவில் காத்து நின்றான். 'பல் டாக்டர்' இன்னும் வெகு தூரம் கீழே. இது சாதுவான சரிவு, புதிதாகப் பழகுகிறவர்களைத்தான் இங்கே விடுவார்கள். மாமா வந்தார். வாயெல்லாம் பல்லாக வந்தார். வளைவுக்கு முன்னால் ஒரு கல்லைப் பார்த்து, வேகத்தைக் குறைக்க வலது கை விரல் நான்கையும் மடக்கினார். பின் சக்கரத்துக்கு என்று நினைத்து மடக்கிய மடக்கு அது. முன் சக்கரம் அப்படியே நின்றது, பின் சக்கரம் மேலே எழும்பியது. மற்றது ஒரு நொடியில் நடந்து முடிந்துவிட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. கழுத்துக்கு எதுவும் இல்லை.

பின்னால் வந்தவர் கூட்டத்து வக்கீல். அவர்தான் சாவு வீட்டில் எல்லாருக்கும் விளக்கினார். "பிரேக்கே புடிக்கல. புடிச்சிருந்தா பின் டயர் தேச்ச தடம் இருக்கணுமே? நான் பாத்தேன், ஒரு கோடு கிடையாது. பறந்து வந்தாரு, கல்லுல தட்டிட்டாரு." முன் டயர் அழுத்திய ஒரு சாண் நீளத் தடம் ஒன்று இருந்தது. அதை மில்லி மட்டும் பார்த்தான். வக்கீல் தேடியது நீளமான தடத்தை. மில்லி வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காததால் மறுநாளும் திறக்க முடியவில்லை, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டான். சேற்றைக்கூடக் கழுவவில்லை.

சனிக்கிழமை காலை காரில் போகும்போது, அக்காவின் மனதைக் கலைக்க முடியுமா என்று பார்த்தான்.

"விழுந்தா தோள்பட்டை எலும்பு போயிரும்கா."

"எலும்பு உடையறதப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

மில்லி அவள் பக்கம் திரும்பினான். அக்கா மெலிந்திருந்தாள். காலில் மாமாவின் பழைய கான்வாஸ் ஷூவை இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்தான். மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

கடையில் சைக்கிள்கள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கின. புது ரப்பர் வாடை. மில்லிக்கு பிரேக்கை மாற்றிக் கொடுத்த பழைய மெக்கானிக் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று அவனுக்குத் தெரியும். இப்போது இருந்தது முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். அவளுக்கு இவனைத் தெரியாது, அவன் சைக்கிளையும் தெரியாது. விஷயம் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் மில்லி ஒருவன்தான். அவன் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரை ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"எங்க ஓட்டப் போறீங்க மேடம்?" என்றாள் மெக்கானிக்.

"குன்றுல."

"முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கறது வேணுமா, ரெண்டு பக்கமும் இருக்கறதா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். மில்லியின் வாய் தானாகத் திறந்தது. பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால் தப்பான கல்லில் ஏற்றிவிட்டாலும் தூக்கி எறியாது, ஆனால் எடை கூடும், மேலே ஏறும்போது மூச்சு வாங்கும். முன்னால் மட்டும் இருந்தால் சைக்கிள் லேசு, பராமரிப்பு குறைவு, பழகுகிறவர்களுக்கு அதுவே போதும். டயர் மட்டும் அகலமாக இருக்கட்டும், சக்கரம் பெரியதாக இருந்தால் கல்லுக்கு மேல் சுலபமாக உருளும், ஆனால் உன் உயரத்துக்குத் திருப்புவது சிரமம். ஐந்து நிமிடம் விடாமல் பேசினான். பழைய மில்லியே எழுந்து வந்து பேசுவது போல் இருந்தது, ஆனால் பேசியது வாய் மட்டும்தான். மெக்கானிக் பெண் தன் வேலையைத் தனக்கே சொல்லித் தருகிறவனை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ரேம் அளவில்தான் சிக்கல் வந்தது. சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் சரியாக மத்தியில் நின்றது அக்காவின் உயரம். அப்படி இருந்தால் கால் நீளத்தை அளக்க வேண்டும். சுவரோடு முதுகை ஒட்டி நின்று, இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகத்தைச் சொருகி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளப்பது வழக்கம். நாற்பத்தெட்டு வயது அக்கா கடைக்கு நடுவில் ஒரு தடித்த விலைப்பட்டியலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு நின்றாள். தம்பி தரையில் மண்டி போட்டு அளந்தான். ஹெல்மெட் வாங்க வந்த இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"இதெல்லாம் உங்க மாமாக்கும் பண்ணியா?" என்று கேட்டு அக்கா சிரித்துவிட்டாள். பத்து மாதத்தில் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"பண்ணேன்."

"இந்தப் பாடு பட்டாரா அந்த மனுஷன்?"

"சின்னதையே எடுத்துக்கலாம்," என்றான் மில்லி. "காலு அதுக்குத்தான் சரியா வருது."

பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். கடைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்தும் இடத்தில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அக்கா முதல் சுற்றில் தடுமாறினாள். இரண்டாவது சுற்றில் நிமிர்ந்தாள். மூன்றாவது சுற்றில் நேராக அவன் பக்கம் வந்து, பிரேக்கைப் பிடித்து, அவன் செருப்புக்கு ஒரு அடி தூரத்தில் நின்றாள்.

"நிக்குதுல்ல," என்றாள், ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல பிரேக்கு."

"எனக்கு எதுக்கு இந்த வயசுல இதுன்னு நீ கேக்கவே இல்ல."

மில்லி குனிந்து முன் டயரை அமுக்கிப் பார்த்தான்.

"அந்த இடத்துக்கு நாலு தடவ நடந்து போய்ப் பாத்துட்டேன்டா. அது ஒரு சரிவே இல்ல. கொழந்த கூட இறங்கும். அங்க ஒரு மனுஷன் ஏன் பிரேக் புடிக்காம வரணும்? நடந்து பாத்தா புரியல. ஓட்டிப் பாத்தா புரியுமான்னு பாக்கறேன். அவ்வளவுதான்."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பதில் மில்லியின் தொண்டையில் இருந்தது. ஆனால் தொண்டைதான் தன்னுடையது போல் இல்லை. பத்து மாதமாக எல்லாமே அப்படித்தான்.

மெக்கானிக் பெண் கையில் ஒரு தாளோடு பின்வாசலில் வந்து நின்றாள். சைக்கிளைப் பொருத்தித் தயார் செய்யும் முன் அந்தக் கடையில் ஒரு தாளில் எல்லாம் குறித்துக்கொள்வார்கள். எடை, சீட் உயரம், டயர் காற்று, கடைசியாக ஒரு கேள்வி.

"பிரேக் எப்படி வைக்கட்டும் மேடம்? வலது கை பின் பிரேக், அப்படித்தான் வருது. சில பேர் மாத்திக் கேப்பாங்க, வலது கை முன்னாடின்னு. உங்களுக்கு?"

"எதுடா நல்லது?" என்று அக்கா தம்பியிடம் கேட்டாள்.

வருகிறபடியே இருக்கட்டும் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"என்னோடது மாத்தி இருக்குக்கா," என்றான்.

"எது?"

"என் சைக்கிள். வலது கை முன் பிரேக். மாத்தி வச்சிருந்தேன். மாமாட்ட சொல்லல."

அக்காவுக்குப் புரியவில்லை. மெக்கானிக் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

"சீட்ட இறக்கினேன். காத்து அடிச்சேன். எல்லாம் பாத்தேன். இத மட்டும் சொல்லல. அவரு வேகத்தக் குறைக்கத்தான் வலது கைய அழுத்தினாரு. அவரு சைக்கிள்ல அது பின் பிரேக்கு. என்னோடதுல முன்னாடி. சக்கரம் நின்னுருச்சு. நான்தான்கா. கல்லு இல்ல. நான் சொல்லாதது."

அக்கா சைக்கிளைவிட்டு இறங்கினாள். ஸ்டாண்டு இல்லாததால் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"அப்ப அவரு பிரேக் புடிச்சாரு," என்றாள்.

"புடிச்சாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். நாலு வெரலும் மடங்குச்சு."

"வளைவுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே. மெதுவாத்தான் வந்தாரு. சிரிச்சுக்கிட்டு வந்தாரு."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் உறைக்குமா என்றுகூட யோசித்தான். அக்கா அடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"பத்து மாசமா அந்த ஆள நான் திட்டாத திட்டு இல்லடா. போட்டோக்கு முன்னாடி நின்னுட்டு திட்டறேன். வீட்ல ஒருத்தி இருக்காளேன்னு ஒரு வெரல மடக்கத் தோணலையா உனக்குன்னு கேக்கறேன். தெனமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கேக்கறேன். அவரு சட்டை எல்லாத்தையும் அள்ளிக் கட்டி யாருக்கோ குடுத்துட்டேன். ஆத்திரத்துல. ஒண்ணு கூட மிச்சம் வைக்கல. இந்த ஷூ மட்டும் கட்டிலுக்கு அடியில கெடந்ததால தப்பிச்சுது." மூச்சு வாங்கினாள். "அவரு மடக்கிருக்காரு. நாலையும் மடக்கிருக்காரு. நீ பாத்திருக்க. பாத்துட்டு சும்மா இருந்திருக்க."

மில்லி இதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. தான் சொல்லாமல் இருந்தால் அதில் வேகிறவன் தான் ஒருவன் மட்டுமே என்று நினைத்திருந்தான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிவைத்த ஒரு வாக்கியம், செத்துப்போனவரைத் தினமும் காலையில் திட்டு வாங்க வைத்திருக்கிறது, உயிரோடு இருப்பவளிடமிருந்து சட்டைகளைப் பிடுங்கியிருக்கிறது. பிரேக்கைச் சொல்லாதது மறதி. இது மறதி இல்லை.

"அன்னிக்கு என்ன சொல்லிருக்கணும் நீ?" என்றாள் அக்கா.

"வலது கைதான் முன் பிரேக்குன்னு."

"எனக்கு சொல்ற மாதிரி இல்ல. அவருக்கு சொல்ற மாதிரி சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடா."

கார் நிறுத்தும் இடத்தில் யாரும் இல்லை. பச்சை சைக்கிள்தான் நடுவில் நின்றது. மில்லி குனிந்து அதன் வலது லிவரில் விரலை வைத்தான்.

"மாமா," என்றான். அந்த ஒரு சொல்லிலேயே குரல் உடைந்தது. "மாமா, பாத்துக்கங்க. இதுல வலது கைதான் முன் பிரேக்கு. மெதுவா புடிங்க."

ஊசியின் மரப்பு விடும்போது முதலில் தாடைதான் வலிக்கும். மில்லிக்கும் தாடையில்தான் தொடங்கியது. அப்புறம் தொண்டை, அப்புறம் நெஞ்சு. பத்து மாதத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வலித்தது. நாற்பத்து நான்கு வயது ஆள், ஒரு கடையின் பின்புறம், சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அக்கா அவனைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை. ஆனால் சைக்கிளின் மறுபக்கத்தை விட்டுவிட்டுப் போகவும் இல்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். அவளும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மெக்கானிக் பெண் தாளை மறுபடி எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேனாவைத் திறந்தாள்.

"வலது கை பின்னாடி," என்றாள் அக்கா. "எல்லாருக்கும் இருக்கற மாதிரி. நாளைக்கு இவன் தன்னோட சைக்கிளக் கொண்டு வருவான். அதையும் அப்படியே மாத்திடுங்க."

"சரி மேடம். சீட் உயரம், லிவர் தூரம் எல்லாம்?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மத்த அளவெல்லாம் இவன்ட்ட கேட்டுக்கங்க. பிரேக்க நான் பாத்துக்கறேன்."

மில்லி பையிலிருந்து டேப்பை எடுத்தான். முதல் அளவு தப்பாக வந்தது. மறுபடி அளந்தான்.